கடலில் விழுந்த குண்டுகள்

"கலங்கரை விளக்கத்துக்கு எப்பம்மா போவோம்?"

பேருந்து கிளம்பியதிலிருந்து முன் இருக்கைப் பெரியவர் இதையே கேட்டுக்கொண்டிருந்தார். வழிகாட்டிப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்தது. பார்க்க எவ்வளவு இருக்கிறது! இரண்டு நாடுகள் தலைமுறை தலைமுறையாக முட்டிக்கொண்ட எல்லை அது. ஆற்றின் இரு கரையிலும் எதிரெதிரே இரண்டு கோட்டைகள். இப்போது பகையெல்லாம் தீர்ந்து, ஒரே காலையில் இரண்டையும் ஏறிப் பார்த்துவிட்டு வரலாம். மற்றவர்கள் வாயைப் பிளந்தார்கள். பெரியவருக்கோ கோட்டையும் வேண்டாம், கொத்தளமும் வேண்டாம்.

"கோவிச்சுக்காதம்மா," என்றார் அவர் மனைவி. "அடுத்த வாரம் இவருக்கு நெஞ்சுல ஆபரேஷன். அதுக்குள்ள அதைக் கிட்டப் போய்ப் பார்த்தே தீரணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறார்."

மதியம் கடற்கரைச் சாலையில் திரும்பியதும் அது தெரிந்தது. ஆறு கடலில் கலக்கும் இடத்தில், பாறை மேல், வெள்ளை வெளேரென்று. எத்தனை தரம் பார்த்தாலும் அலுக்காத அழகு. பெரியவர் எழுந்தே நின்றுவிட்டார்.

வழிகாட்டி மைக்கைப் பிடித்தாள். இந்த இடத்துக்கென்றே ஒரு வேடிக்கை வைத்திருந்தாள்.

"கடைசிச் சண்டையில அக்கரையிலேருந்து இதைக் குறி வெச்சு நாள் பூரா சுட்டாங்க. ஒண்ணுகூடப் படலை! அத்தனையும் கடல்ல. பக்கத்துல யானையைக் கட்டி வெச்சாலும் அந்தப் பீரங்கிக்காரன் குறி தப்பியிருப்பான்!"

பேருந்தே குலுங்கியது. எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தவர் பெரியவர்தான். அவர் மனைவி மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இங்க நிறுத்த நேரமில்லை. அப்படியே ஜன்னல் வழியா பார்த்துக்குங்க," என்றார் டிரைவர்.

பெரியவரின் முகம் செத்துப்போயிற்று.

"கொஞ்சம் நிறுத்துங்கண்ணே. இதுக்குன்னே வந்திருக்கார், பாவம்," என்று வழிகாட்டி மல்லுக்கு நின்று, அவரைக் கைத்தாங்கலாக இறக்கினாள்.

பெரியவர் சுவரைத் தடவித் தடவிச் சுற்றி வந்தார்.

"ஒரு கீறல்கூட இல்லையே! என்னமா நிக்குது!" கண் கலங்கியிருந்தது.

அவள் நெகிழ்ந்துபோனாள். "எனக்கும் இது வெறும் கட்டடம் இல்லைங்கய்யா. எங்கப்பாதான் இங்க விளக்கு ஏத்துறவர். அந்தச் சண்டையப்ப நான் கைக்குழந்தை. என்னைத் தூக்கிக்கிட்டு அம்மா இதுக்குள்ளதான் ஒடுங்கிக் கிடந்தாங்க. ஒரு குண்டு பட்டிருந்தாலும் இன்னிக்கு நான் இல்லை."

பெரியவர் சுவரிலிருந்து கையை எடுத்தார். அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்போ அன்னிக்குக் கொடியில காய்ஞ்சது உன் துணிதானாம்மா?" என்றார். "தூரக்கண்ணாடியில அதைப் பார்த்ததும்தான், எல்லாக் குண்டையும் கடல்ல போட்டேன்."