இடது தாடை

ஜெபக்கனி கண் விழித்ததும் முதலில் அசைந்தது அவள் நாக்குதான். இடது பக்கக் கீழ்ப்பற்களைத் தேடிப் போன அது, பல்லையும் காணாமல் ஈறையும் காணாமல் தையல் முடிச்சுகளில் இடறி நின்றது. கன்னத்துக்குள் சின்னக் கட்டி, மயக்கம் கொடுத்துக் கீறி எடுத்தால் மறுநாளே வீட்டுக்குப் போய்விடலாம் என்று சொல்லித்தான் கணவன் தேவசகாயம் அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்திருந்தான்.

டாக்டர் வந்து பார்த்தார். “சதையில வர்ற அபூர்வமான புற்றுநோய்க் கட்டிம்மா. எலும்பையும் பிடிச்சிருச்சு. பாதித் தாடையை எடுக்கணும், பேச்சு முன்ன மாதிரி வராதுன்னு போன வாரமே உங்க வீட்டுக்காரர்கிட்ட விளக்கமாச் சொன்னோமே.”

அவள் தேவசகாயத்தைப் பார்த்தாள். போன ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அவள் தனியாகப் பாடியபோது, முன்வரிசையில் உட்கார்ந்து அவன் அழுதான். பாட்டுக்கு உருகுகிறான் என்று அவள் நினைத்திருந்தாள்.

“சொல்லியிருந்தா நீ வந்திருப்பியாட்டி? உன் உசிரு எனக்கு வேணும்லா?” என்றான் அவன்.

வந்திருப்பாள். அதற்கு முன் மஸ்கட்டில் இருக்கும் மகளோடு ஆசை தீரப் பேசியிருப்பாள். கடைசிப் பாட்டு என்று தெரிந்தே அந்தப் பாட்டைப் பாடியிருப்பாள். அதைச் சொல்ல வாயெடுத்தாள், எச்சில்தான் வழிந்தது. அவன் பதறிப்போய்த் துண்டால் துடைக்க வந்தான்.

“கூட ஒருத்தர்தான் இருக்கலாம். சார்தானேம்மா இருக்கப் போறாரு?” என்று நர்ஸ் கேட்டாள்.

ஜெபக்கனி அவன் கையிலிருந்த துண்டை வாங்கிக்கொண்டாள். பிறகு மெல்லக் கையைத் தூக்கி, அவனுக்கு வாசலைக் காட்டினாள்.