மூன்றாவது கால்

தொண்டாமுத்தூரில் தக்காளிக் காட்டின் மேல் வெயில் சாய்ந்துகொண்டிருக்கிறது. வரப்பில் நிற்கும் ஜெரோம், கோயமுத்தூர்க் கல்லூரி ஒன்றில் புதுவகைப் பிளாஸ்டிக்குகளை ஆராய்கிறவர். சேற்றிலும் நடக்கக்கூடிய செயற்கைக் காலை அவர் செய்து எடுத்துவந்திருப்பது இது மூன்றாவது முறை. லாரி மோதி, ஒரு காலை முழங்காலுக்குக் கீழே இழந்த விவசாயி வெள்ளியங்கிரி அதை மாட்டிக்கொண்டு, மண்வெட்டியை ஊன்றி வாய்க்காலுக்குள் இறங்குகிறார். ஓர் எட்டு வைக்கிறார். இன்னோர் எட்டு. காய்ந்த தென்னமட்டை முறிவதுபோன்ற சத்தம், கிணற்று மோட்டார் இரைச்சலையும் மீறி இருவருக்கும் கேட்கிறது. "குதிகால் உட்டுப்போச்சுங்க சார்," என்கிறார் வெள்ளியங்கிரி, தான்தான் ஏதோ தப்புச் செய்துவிட்டதுபோல. ஜெரோம் அவரைத் தாங்கி வந்து வரப்பில் உட்காரவைக்கிறார். கழற்றிய காலின் விரிசலுக்குள் புகுந்த சேற்றை விரலால் வழித்துக்கொண்டே இருக்கிறார். "இதுதாங்க கடைசி. இனிமே செய்ய வேண்டாம்னு காலேஜ்ல சொல்லிட்டாங்க." வெள்ளியங்கிரி "செரிங்க," என்கிறார். பிறகு, "கரண்ட்டு போறதுக்குள்ள தண்ணியத் திருப்போணுங்க. அந்தப் பாத்தியெல்லாம் காஞ்சு கெடக்குது," என்று மண்வெட்டிக்குக் கை நீட்டுகிறார். ஜெரோம் முந்திக்கொண்டு அதை எடுக்கிறார். செருப்பைக் கழற்றி, பேன்ட்டை மடித்துவிட்டு இறங்குகிறார். "எங்கீங்க வெட்டோணும்?" "இன்னுங் கொஞ்சம் அக்கட்ட போங்க. அங்கதானுங்க." மண் விலகி, தண்ணீர் வறண்ட பாத்திக்குள் மெல்ல நுழைகிறது. சேற்றில் ஊன்றி நிற்கும் தன் இரண்டு கால்களையும் ஜெரோம் குனிந்து பார்க்கவே இல்லை.