உயிர் பெற்ற நெட்வொர்க் கார்டு

பழைய லினக்ஸ் கம்ப்யூட்டரின் நெட்வொர்க் கார்டைக் கழற்றி, துடைத்து, மாட்டியும் பார்த்துவிட்டார் அப்பா. நெட் வந்தபாடில்லை.

“ஒரு மாசமா சொல்றேன், அப்புறம் பார்க்கலாம்னே இழுத்தடிக்கிறியே!” என்று மகளிடம் சலித்துக்கொண்டார்.

“நகருங்கப்பா” என்று அவள் உட்கார்ந்தாள். ஏதோ ஒரு ஃபைலைத் திறந்து, ஒரே ஒரு வரியை அழித்தாள். கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டதும் கார்டில் பச்சை விளக்கு மின்னியது.

“அடி கெட்டிக்காரி! அத்தனை வரியில இதுதான் கோளாறுன்னு எப்படிக் கண்டுபிடிச்சே?”

“கார்டு வேலை செய்யக் கூடாதுன்னு அந்த வரியை எழுதினதே நான்தாம்ப்பா.”

“நீயா! எதுக்கு?”

“நெட் இருந்தா செஸ் ஆட்டமே கதின்னு கிடப்பீங்க. உங்க புரமோஷன் பரீட்சை நேத்துதானே முடிஞ்சது?”

அப்பா முறைக்கத்தான் பார்த்தார், சிரிப்பு முந்திக்கொண்டது.

“அதான் இந்தத் தடவை எல்லாக் கேள்விக்கும் பதில் தெரிஞ்சுதா!”