ஊரறிந்த கடவுச்சொல்

நோவி சாட் நகரில் எங்கள் அலுவலக ஜன்னல் வழியே சரியும் மாலை வெயில், மேலாளர் திஹோமிரின் வழுக்கையில் வியர்வையை மின்னவைக்கிறது. எங்கள் நிரலாளர் ரத்மிலா இன்று எழுதி முடித்த உள்நுழைவுப் பக்கத்தில், புதிய கடவுச்சொல்லாகத் தன் குடும்பப் புனிதர் நிகோலாவின் பெயரை அவர் இரண்டு விரலால் தட்டுகிறார். திரை சிவக்கிறது. மறுபடி தட்டுகிறார். மறுபடி சிவப்பு.

“ஏம்மா, எங்க புனிதரையே உள்ள விடமாட்டேங்குதே?”

“உங்க வீட்டுல அந்தப் புனிதர் திருநாளுக்கு வந்து மீன் சாப்பிட்ட எல்லாருக்கும் அந்தப் பேர் தெரியும் சார். சுலபமா ஊகிக்கிற சொல்லை இது ஏத்துக்காது.”

“பழசு ஏத்துக்கிச்சே!”

“பழசுல யார் வேணா யார் பேர்லயும் நுழையலாம். போன வருஷம் நீங்க என் பேர்ல நுழைஞ்சு, வாடிக்கையாளர் விவரத்தையெல்லாம் அழிச்சுட்டு, பழியை என் தலையில போட்டீங்களே, அது மாதிரி.”

எங்களில் ஒருவரும் தலை நிமிரவில்லை. ஆனால் அறை முழுக்க விசைப்பலகைச் சத்தம் நின்றுபோகிறது. திஹோமிர் ஆத்திரத்தோடு அதே புனிதரை ஓங்கித் தட்டுகிறார். பக்கம் பூட்டிக்கொண்டு ஒரே ஒரு வரியைக் காட்டுகிறது: ‘திறக்க, ரத்மிலாவிடம் கேட்கவும்.’

அவர் மெல்லத் திரும்புகிறார். ரத்மிலா சர்க்கரையே போடாத காப்பியை நிதானமாகக் கலக்கிக்கொண்டிருக்கிறாள்.