அந்த ஒரே ஒரு ஆள்

"ஊனமுற்றவங்களுக்கு நல்லது பண்ணு, வேணாங்கல. அதுக்கு அண்டார்டிகாதான் கிடைச்சுதாம்மா?"

ஆதிமூலம் சார் இதை மூன்றாவது முறையாகக் கேட்டார். 2005 ஏப்ரல் வெயிலில் மரக்காணம் உப்பளம் கண்ணைப் பறித்தது. பார்க்கிற இடமெல்லாம் வெள்ளை. பனிப் பிரதேசத்துக்குப் போக வழியில்லாத அருள்மொழி, கிளியனூர்க்காரி என்பதால், நடந்து பழகப் பக்கத்திலேயே கிடைத்த இந்த வெள்ளையைப் பிடித்துக்கொண்டாள்.

அவளுக்கு இடது காலில் போலியோ. காலைத் தாங்கும் இரும்புக் காலிப்பர் போட்டு நடப்பாள். துருவ ஆராய்ச்சிக்கு ஊனமுற்றவர்களையும் அழைத்துப்போக என்னென்ன செய்யவேண்டும் என்று ஆராய ஒரு திட்டம் எழுதியிருந்தாள். எல்லாம் தயார். அனுமதிக் குழுத் தலைவரான ஆதிமூலத்தின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அது கிடைக்காவிட்டால் இரண்டு வருஷ உழைப்பும் குப்பைக்கூடைக்குத்தான்.

"உப்பு மேல நான் நடக்கறதை வந்து பாருங்க சார். அப்புறம் சொல்லுங்க" என்று விடாமல் நச்சரித்து அவரை வரவழைத்துவிட்டாள்.

வந்தார். ஆனால் அவர் பார்த்த விதம்தான் அவளுக்குப் பிடிக்கவில்லை. வண்டிப்பாதையில் அவள் எந்தப் பக்கம் நடந்தாலும், சுற்றிக்கொண்டு அவளுக்கு இடப்பக்கம் வந்துவிடுவார். சரியாகக் காலிப்பர் போட்ட காலுக்குப் பக்கத்தில். எப்போது தடுக்கி விழுவேன் என்று காத்துக்கிடக்கிற மனுஷன், என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே நடந்தாள்.

"நான் ரெண்டு குளிர்காலம் முழுசா அங்க இருந்தவன். ஜெனரேட்டர் என் பொறுப்பு. அது நின்னா அத்தனை பேரும் விறைச்சுப் போயிடுவோம். அங்க வர்றவனுக்கு நகம்கூடப் பழுதில்லாம இருக்கணும்."

"யாரு சார் சொன்னது?"

"மெடிக்கல்ல தேறினாத்தான் கப்பலே ஏறமுடியும். சரி, ஒண்ணு பண்ணு. உடம்புல ஒரு குறையோட அங்க குளிர்காலத்தைத் தள்ளிட்டு வந்த ஒரே ஒரு ஆளைக் காட்டு. இங்கயே, இந்த உப்பு மேலயே கையெழுத்துப் போடறேன்."

அப்படி ஒரு ஆளுக்கு அவள் எங்கே போவாள்?

பாதைக்கு இடப்பக்கம் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த தனக்கோடி நிமிர்ந்தாள். காலையில் அருள்மொழிக்கு மோர் கொடுத்தவள். அவள் புருஷன் மாயவன்தான் பாத்திகளுக்குத் தண்ணீர் இறைக்கிற டீசல் இஞ்சினை இருபது வருஷமாக ஓட்டுகிறான்.

"சார், அங்க போவாதீங்க, சேறு" என்று தனக்கோடி குரல் கொடுத்தாள்.

இரண்டடி பின்னால் வந்த அருள்மொழி நின்றுவிட்டாள். ஆதிமூலம் நிற்கவில்லை. தனக்கோடி மறுபடியும் கத்தினாள். அவர் ராஜநடை போட்டுப் போய், கணுக்கால் வரை சேற்றில் இறங்கினார்.

"கூலி வேலை செய்றவங்க சொன்னா காதுல வாங்கக்கூடாதாக்கும்" என்று அருள்மொழி முணுமுணுத்தாள்.

தனக்கோடிக்குச் சிரிப்பு வந்தது. கிட்டே வந்து, அருள்மொழியிடம் என்னமோ கிசுகிசுத்தாள். அருள்மொழி முதலில் நம்பவில்லை.

ஆதிமூலம் கரையேறி, ஷூவைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். அருள்மொழி அவருக்கு இடப்பக்கம் போய் நின்று, "சார்" என்றாள். பதில் இல்லை. "சார், கையெழுத்து" என்றாள் கொஞ்சம் உரக்க. ஷூ துடைப்பது நிற்கவில்லை. காலையிலிருந்து அவர் அவளைச் சுற்றியதுபோல, இப்போது அவள் அவரைச் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் வந்தாள்.

"சார், நீங்க கேட்ட ஆள் கிடைச்சுட்டாரு."

"யாரு?"

"ரெண்டு குளிர்காலம் இருந்தவரு. இப்பதான் அவரோட இடது காதுப் பக்கம் நின்னு ரெண்டு தடவை கூப்பிட்டேன். திரும்பவே இல்ல. இஞ்சின் பக்கத்துலயே கிடந்து ஒரு காது போனவங்க, ஆளுங்களை நல்ல காதுப் பக்கமா வச்சிக்கிட்டுதான் நடப்பாங்களாம். தனக்கோடி அக்கா வீட்டுக்காரரும் அப்படித்தானாம்."

ஆதிமூலத்தின் கை தானாக இடது காதுக்குப் போனது. அவளுக்கே பாவமாகிவிட்டது.

"முதல் தடவை போனப்பவே காது போயிடுச்சு" என்றார் மெதுவாக. "ரெண்டாவது தடவை ஒத்தைக் காதோடதான் போனேன். ஒருத்தரைத் தவிர யாருக்கும் தெரியாது."

பேனாவை வாங்கி, சொன்னபடி அங்கேயே கையெழுத்துப் போட்டார்.

"உன் ஆராய்ச்சியில முதல் ஆளா என் பேரைப் போட்டுக்க. ரெண்டாவதா அந்த ஒருத்தரையும் சேத்துக்க. நான் சொன்னா அவர் வருவாரு."

"அவர் யாரு சார்?"

"என்னை மெடிக்கல்ல பாஸ் போட்டுட்டு, கூடவே அண்டார்டிகாவுக்கும் வந்த டாக்டர். என் காதைப் பத்தி அவர் வாயைத் திறக்கல, அவருக்கு வலது கண்ணு தெரியாதுங்கறதைப் பத்தி நான் வாயைத் திறக்கல."