கல்வீட்டுக்கு வந்த புது மனைவி

“பிள்ளை, முதல் அந்தக் கதவைச் சாத்தும். உம்மடை உயிரைப் பற்றிக் கதைக்க வந்தனான்.”

குசினிக் கதிரையில் மூச்சு வாங்க அமர்ந்தாள் பரிமளம். பக்கத்து வீடுதான், ஆனால் வேலணையில் கோபிசங்கரின் கல்வீட்டு வளவு அவ்வளவு பெரிது.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு விடியற்காலை கோபிசங்கரின் மனைவி அம்பிகை காரில் ஏறியதை ஊர் கண்டது. பிறகு காணவில்லை. மாத்தறையிலுள்ள தன் கடையைப் பார்க்க விட்டிருப்பதாக அவர் சொன்னார். நேற்று அவர் திரும்பி வந்தது, தலைமுடி கட்டையாக, ஈர்க்கில்போல மெலிந்த ஒரு பெண்ணோடு.

கண்ணில் வெள்ளை படர்ந்தும் கண்ணாடி போட மறுக்கும் பரிமளத்துக்கு வேலிக்கு மேலால் அவ்வளவுதான் தெரிந்தது. மிச்சத்தைக் கைபேசியை மூக்கோடு ஒட்டிவைத்துப் பார்த்த பழைய கறுப்பு வெள்ளைச் சினிமாப் படம் சொல்லிக் கொடுத்தது. பெரிய மாளிகை, வாய் திறக்காத பணக்காரப் புருசன், ஒன்றும் அறியாத இரண்டாவது மனைவி. படத்தில் முதல் மனைவியைக் கடல் கொண்டுபோனதாம், புருசன்தான் கொன்றான் என்பது பரிமளத்தின் முடிவு. நாவலிலிருந்து எடுத்த படம், புத்தகத்தில் வந்தது பொய்யாகுமா?

“மாத்தறையிலையும் கடல் இருக்குத்தானே பிள்ளை? யோசியும்.”

அந்தப் பெண் பதறவில்லை. இறுகிப்போன பின்கதவை முழங்காலால் ஒரு தட்டுத் தட்டிச் சாத்தினாள். அரிசி வாளிக்குப் பின்னால் ஒளிந்திருந்த சீனிப் பேணியைத் தேடாமலே எடுத்தாள். ஆளைக் கடிக்கும் அந்த வீட்டு நாய் அவள் காலடியில் சுருண்டு கிடந்தது. பரிமளம் படத்தை நினைத்துப் பார்த்தாள். படத்தில் புது மனைவிக்கு வாசல் எது, அலுமாரி எது என்றே தெரியாது. நேற்று வந்த இவளுக்கு இதெல்லாம் எப்படி?

குழப்பத்தை மறைக்க அம்பிகையைக் குறை சொன்னாள். உடம்பும் பெரிது, வாயும் பெரிது, ஒரு பிடி சீனிக்கும் முகம் சுழிப்பாள் என்றாள். தேநீருக்கு நீட்டிய பரிமளத்தின் கையில் இரண்டு தங்கக் காப்புகள் கிலுங்கின.

“வடிவான காப்பு,” என்றாள் அந்தப் பெண், கம்மிய குரலில்.

பத்திரமாக வைத்திருக்கும்படி அம்பிகை கொடுத்துவிட்டுப் போன காப்புகள். செத்தவள் வந்து கேட்கவா போகிறாள்?

“அவ எனக்கெண்டே தந்தது. சாவு தெரிஞ்சிருக்கும் போலை. நீராவது தப்பும் பிள்ளை. யாழ்ப்பாண பஸ் இப்ப வரும், நான் மறிச்சு விடுறன்.”

அவள் கதிரையை இழுத்து, பரிமளத்தின் கண்ணுக்கே முகம் தெரியும் அளவுக்கு நெருங்கி அமர்ந்தாள்.

“ஊர் கதைக்குமெண்டுதான் மாத்தறை எண்டு சொன்னனாங்கள். கொழும்பிலை புற்றுநோய்க்கு மருந்தேத்தித் தலைமுடியும் கொட்டுண்டு உடம்பும் வத்திப்போச்சு, பரிமளக்கா. அம்பிகையின்ரை காப்பை இனி அம்பிகையிட்டையே தாங்கோ.”