நாற்பத்தொன்றாவது எபிசோட்

“நாப்பது போட்டாங்கோ, நாப்பத்திரண்டு போட்டாங்கோ. நடுவுல கீற நாப்பத்தொண்ணு எங்க பூட்ச்சி?”

கல்பனா வேலை முடிந்து வந்து இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அதற்குள் வீட்டுச் சொந்தக்காரி ஆதிலட்சுமி போனை நீட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் கல்பனாவுக்கு வேலை. மாடி போர்ஷனுக்குக் குடிவந்து மூன்று மாதம் ஆகிறது. இந்த மூன்று மாதத்தில் ஆதிலட்சுமியைத் தேடி ஒரு சொந்தம் வந்து பார்த்ததில்லை, ஒரு கல்யாணப் பத்திரிகை வந்து பார்த்ததில்லை. கீழ் வீட்டில் பேச்சுக்குரல் கேட்டால் அது டிவியாகத்தான் இருக்கும். பாவம், அதனோடு சண்டை போடக்கூட முடியாது.

இப்போது ஒன்றரை மாதமாக ‘ஜோடிக்குப் பத்து’. இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை ஆனால் தெருவையே காலி செய்த போட்டி. கணவனிடம் மனைவியைப் பற்றிப் பத்துக் கேள்வி கேட்பார்கள். மனைவி திரைக்குப் பின்னால், காதில் பாட்டோடு. பிறகு அதே பத்தை அவளிடம் மைக்கில் கேட்டு ஒத்துப் பார்ப்பார்கள். கடைசியில்தான் திரை விலகும். அந்தப் பழைய எபிசோடுகளைச் சேனல்காரர்கள் தினம் ஒன்றாக யூடியூபில் போட, பார்த்தவர்களெல்லாம் கீழே கமென்ட்டில் வந்து கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தார்கள்.

கல்பனா படித்துக் காட்டினாள். “‘மொதல் அம்பது எபிசோடுதான் எபிசோடு, இப்போ வர்றது பூரா நடிப்பு.’ ‘ஒரு குக்கருக்கு எவ்ளோ சந்தோஷப்பட்டாங்க.’ ‘அப்பாகூட உக்காந்து பார்த்தது, இப்போ அப்பா இல்ல.’ பாருங்க பெரிம்மா, எல்லாம் உங்க கேஸுதான்.”

“அது கெடக்கட்டும். நாப்பத்தொண்ணு போடச் சொல்லி நீ ஒண்ணு எழுது.”

“அதுல மட்டும் அப்படி இன்னா கீது?”

ஆதிலட்சுமி முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள். “எங்க வூட்டுக்காரரு வந்தாரு.”

“இத மொதல்லியே சொல்றதுக்கு இன்னா? எவ்ளோ மார்க்கு?”

“சைபரு. பத்துல ஒண்ணுகூடத் தேறல. ஊரே சிரிச்சிது. மில்லுல அவரு பேரே சைபருன்னு ஆயிட்ச்சாம்.”

“நீங்க டிவில பாக்கலியா?”

“அன்னிக்கு ஒயரப் புடுங்கிப் போட்டுட்டேன்.”

“வெக்கமா?” என்று சிரித்தாள் கல்பனா.

ஆதிலட்சுமி சிரிக்கவில்லை. “அவரு இன்னா பதிலு சொன்னாருன்னு ஒருவாட்டி என் காதால கேக்கணும் கல்பனா. இருபத்தஞ்சு வருஷமா ஒண்டியா கீறேன். நாலு செவுத்தப் பாத்துகினு இதையேதான் ரோசனை பண்ணிகினு கீறேன்.”

கல்பனா எழுதிப் போட்டாள். டேப் பழுது, முயற்சி செய்கிறோம் என்று பதில் வந்தது. அன்றிலிருந்து ஆதிலட்சுமிக்குச் சோறு இறங்கவில்லை. ஐந்தாம் நாள் சாயங்காலம் நாற்பத்தொன்று வந்தேவிட்டது.

போனைச் சொம்பில் சாய்த்து வைத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்தார்கள். தொளதொள சட்டையில் அவள் கணவர் புருஷோத்தமன் மைக்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றார். திரை மூடியிருந்தது.

மனைவிக்குப் பிடித்த கலர்?

“கத்திரிப்பூ கலரு சார்.”

கொடியில் காய்ந்துகொண்டிருந்த புடவைகளைக் கல்பனா திரும்பிப் பார்த்தாள். பாதி கத்திரிப்பூதான்.

பிடிக்காத சாப்பாடு? “தயிரு சார். வாசன வந்தாலே எந்திரிச்சிப் பூடுவா.” போன வாரம் கல்பனா கொடுத்த தயிர்சாதம் அப்படியே திரும்பி வந்திருந்தது. கோபம் வந்தால்? “பேசமாட்டா சார். வெளக்கின பாத்திரத்தையே மறுக்கா மறுக்கா வெளக்குவா.” ஆசை? “ஏரி ரொம்பிக் கலங்கல்ல தண்ணி வழிஞ்சா சொல்லணும், உடனே போயிப் பாக்கணும். மழையானாலும் வுடமாட்டா.” தூங்கும்போது ரேடியோ ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்றார். இருட்டென்றால் பயம் என்றார். சொல்லச் சொல்ல அவர் முகம் மலர்ந்துகொண்டே போனது.

ஆதிலட்சுமி வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள்.

இப்போது திரைக்குப் பின்னாலிருந்து பெண்குரல். பிடித்த கலர் ரோஸ். தயிர் இல்லாமல் சாப்பாடே கிடையாது. கோபம் வந்தால் அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறிவிடுவாளாம். ஒவ்வொன்றுக்கும் ‘டொய்ங்’ என்று மணி அடித்தது, கூட்டம் சிரித்தது. “ஐயா, நீங்க யார் கூடத்தான் குடும்பம் நடத்துறீங்க?” என்று நடத்துபவர் கேட்டார். புருஷோத்தமன் தரையைப் பார்த்தார்.

“ஏன் பெரிம்மா, அவரு சொன்னது பத்தும் கரெக்ட்டா கீதே. நீங்க ஏன் எல்லாத்தையும் மாத்திச் சொன்னீங்க? பாவம் அந்த மனுஷன்.”

ஆதிலட்சுமியின் கண்ணிலிருந்து தாரைதாரையாக வழிந்தது. அதைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரை விலகியது. ரோஸ் கலர் புடவையில் கடுகடுவென்று வந்து நின்றவளிடம் ஆதிலட்சுமியின் சாயல் மருந்துக்கும் இல்லை.

“அவதான் சொக்கம்மா. அவளுக்காவத்தான் என்ன வுட்டுட்டுப் போனாரு,” என்றாள் ஆதிலட்சுமி. “போன அன்னிக்கே என்ன மறந்துட்டாருன்னு இத்தினி வருஷம் நெனச்சிகினு இருந்தேன் கல்பனா.”